மீட்ட நாய்க்கு மனை தேடுதல்

(ஜீவகாருண்யப் பாடம்)



பஞ்சசீலத்தின் முதற்சீலம் கொல்லாமை. ஓர் உயிரைக் கொல்லாதிருந்தால் அச்சீலம் நிறைவேறிவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது போதாது. துன்புறும் உயிருக்கு அத்துன்பம் நீங்கும்வரை துணைநிற்றலும் அதனுள் அடங்கும். மனிதர் கையால் வதையுண்டு மீட்கப்பட்ட நாய்க்கு நிலையான ஓர் இல்லத்தைத் தேடிக் கொடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பாடம்.

அடிக்கிறவன் கையினின்று நாயை விடுவிப்பது ஒரு நாழிகை வேலை. தக்க இல்லம் காண்பதோ பல மாத வேலை. ஆலையில் நூல் அறுந்தால் முடிந்துவிட்டு உடனே தறியை ஓட்டுவாரில்லை. முடிச்சு பிடித்ததா என்று விரலால் இழுத்துப் பார்த்த பின்னரே ஓட்டுவர். இப்பணியும் அத்தகையதே.

இரு நிகழ்ச்சிகள்

2016 ஜூலையில், சென்னையின் புறநகரில் மருத்துவ மாணவர் ஒருவர் ஒரு நாயை மாடியிலிருந்து வீசி எறிய, மற்றொருவர் அதனைப் படம் பிடித்தார். படம் நாடெங்கும் பரவியது. ஜீவகாருண்ய அன்பர்கள் அந்நாயைத் தேடி அலைந்து, எலும்பு முறிந்த நிலையில் உயிருடன் கண்டனர். அதற்குப் பத்ரா எனப் பெயரிட்டு வைத்தியம் செய்வித்தனர். மாணவர் இருவரும் தலைக்கு 2 லட்சம் ரூபாய் விலங்கு நல வாரியத்திற்குச் செலுத்த வேண்டுமென மருத்துவப் பல்கலைக்கழகம் பணித்தது. எனினும் அபராதம் நாய்க்கு வீடாகாது. மீட்பில் ஈடுபட்ட அன்பர் ஒருவரே அதற்குத் தம் இல்லத்தில் இடமளித்தார்.

2019 ஜனவரியில், கொல்கத்தாவின் நீல்ரதன் சர்க்கார் மருத்துவமனை வளாகத்தில் 16 நாய்க்குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தன. அவற்றிற்கு வீடு தேடும் வேலையே எவருக்கும் மிஞ்சவில்லை. வீடு தேடும் வாய்ப்பு ஒரு நாய்க்குக் கிடைத்ததாயின், அது எளிதிற் கிட்டும் பேறன்று என்பதை இதனால் அறிக.

சட்டம் கூறுவது

ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் எடுத்த முயற்சியின் பயனாக, 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவ்வம்மையாரே முதல் தலைவர். பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலம் பேணக் கடமைப்பட்டவர் என்று அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூறுகிறது. குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டுதலும், பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுதலும் 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள். ஆனால் முதற்குற்றத்திற்குத் தண்டனை 10 முதல் 50 ரூபாய் அபராதமே. அபராதம் இவ்வளவு சிறிதாயிருக்க, தீயவர் கையில் நாய் மீண்டும் சேராதபடி காப்பது பெரிதும் நம் விழிப்பையே பொறுத்தது.

முதற்படி: உடலைத் தேற்றுதல்

அசோகச் சக்கரவர்த்தி மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம் ஏற்படுத்தியதைத் தமது இரண்டாம் பாறைச் சாசனத்திற் பொறித்தார். சோழ பாண்டிய நாடுகளும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, முதலிற் செய்யவேண்டியது மிருக வைத்தியரிடம் காட்டுவதே. பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறார இடலாகாது. சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும், பிற நோய்களுக்குரிய ஊசிகளும், உடல் தேறியபின் கருத்தடை அறுவையும் அவசியம். அதுவரை வேறு நாய்களோடு அதனைச் சேர்க்கலாகாது.

இரண்டாம்படி: மனத்தை அறிதல்

வதைபட்ட நாய் வாலை ஒடுக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், காரணமின்றிக் கொட்டாவி விடும், உதட்டை நக்கும். உயர்த்திய கையையோ, துடைப்பத்தையோ, செருப்பையோ கண்டு நடுங்கும். இவை அச்சத்தின் குறிகள். அச்சம் மிகுந்தால் கடிக்கவும் கூடும். அதனை உற்று நோக்காது, பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, தானே வரும்வரை காத்திருக்க வேண்டும். கடிபட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவித் தாமதமின்றி மருத்துவமனை செல்க.

அதற்காக அந்நாயைப் பொல்லாதது எனத் தள்ளலாமோ? குக்குர ஜாதகத்தை நினைவு கூர்வோம். அரசனின் தேர்வாரைக் கடித்தவை அரண்மனை நாய்கள். கொல்லும்படி கட்டளை பிறந்ததோ ஊர் நாய்கள்மீது. நாயாகப் பிறந்திருந்த போதிசத்துவர் மோரும் தருப்பைப் புல்லும் கொடுக்கச் செய்து, அரண்மனை நாய்கள் தோலைக் கக்கும்படி செய்து உண்மையை நிலைநாட்டினார். ஆராயாது குற்றஞ் சாட்டுதல் தகாது என்பதே அக்கதையின் பொருள்.

மூன்றாம்படி: இல்லத்தை ஆராய்தல்

லேக் கார்டன்ஸை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்கு அண்மையில் உள்ள பகுதி அது. அருகிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெடுநாளாக வாழ்கின்றன. ஏரியையொட்டி ஜப்பானியப் பௌத்த ஆலயமும் உண்டு. அங்கே ஒரு நாய்க்கு வீடு தேடுவோர் கேட்க வேண்டியவை யாவை?

வீடு சொந்தமா, வாடகையா? வாடகையாயின் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? அடுக்குமாடியாயின் மாடிப்படிக்கும் மின்தூக்கிக்கும் நாய் பழகுமா? பகலில் வீட்டில் இருப்பவர் யார்? சிறு குழந்தைகள் உண்டா? வீட்டார் அனைவரும் விரும்புகின்றனரா, ஒருவர் மட்டுமா? காவலுக்கு வேண்டுமெனக் கேட்டு, வாயிலிற் கட்டிப்போட எண்ணுகின்றனரா? முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று? இக்கடைசி வினாவுக்கு வரும் விடை பல உண்மைகளை வெளியாக்கும்.

வங்காளத்தில் ‘பாடா’ என வழங்கும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்தல் நன்று. இரயில் பாதையை ஒட்டிய வீடு ஓசைக்கு அஞ்சும் நாய்க்கு ஏற்றதன்று. காளி பூஜைக்கு முந்திய வாரத்தில் எந்த நாயையும் புதுவீடு அனுப்பலாகாது. வெடிச்சத்தத்தில் மருண்டு ஓடும் நாய், பழகாத தெருவில் வழி தவறிவிடும்.

நான்காம்படி: உண்மை உரைத்தல்

இதுவே இப்பாடத்தின் உயிர்நிலை. விரைவில் வீடு கிடைக்கவேண்டும் என்னும் ஆவலால், “பரம சாது, ஒன்றும் செய்யாது” என்று சொல்லிக் கொடுப்பவர் உளர். நோக்கம் நல்லதேயாயினும் சொல் பொய்யே. அப்பொய்யால் ஒரு குழந்தை கடிபடும். நாயோ மறுபடியும் தெருவுக்கு வரும். இருமுறை கைவிடப்பட்ட நாய் மூன்றாம் மனிதரை நம்புவது அரிது. ஆகவே அதன் காயம், அச்சம், கடித்த வரலாறு யாவையும் மறைக்காது கூறுக. கேட்டுப் பின்வாங்குபவர் பின்வாங்கட்டும். கேட்ட பின்னும் ஏற்பவரே அந்நாய்க்குரியவர்.

ஒப்படைக்கையில் எழுத்துமூலம் உடன்படிக்கை கொள்க. வைக்க இயலாவிடில் நம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்பது அதில் முதல் விதியாகட்டும். நகராட்சிப் பதிவும் செய்விக்க. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்னும் கணக்கில் நேரிற் சென்று காண்க. முதல் நாட்களில் அது உண்ணாது ஒளியும்; வாரங்கள் செல்ல வீட்டின் ஒழுங்கை அறியும்; மாதங்கள் சென்றபின்பே தன் வீடென உணரும். இதனை ஏற்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால், பொறுமையிழந்து திருப்பி அனுப்பமாட்டார்.

எவரும் கிடைக்கவில்லையெனின்? தக்கவர் வரும்வரை காத்திருத்தலே தருமம். காத்திருக்கும் காலத்தில் ஒரு வீட்டார்மேல் முழுச்சுமையும் வீழாதபடி, ஒருவர் உணவும், ஒருவர் மருந்தும், ஒருவர் இடமுமாகப் பகிர்ந்து தாங்கலாம். சங்கம் என்னும் சொல்லுக்கு அது பொருத்தமான செயலாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கொல்லாமைக்கும் துணைநிற்றலுக்கும் உள்ள தொடர்பு யாது?
2. நாயின் குறையை மறைத்துக் கொடுப்பது எச்சீலத்திற்கு மாறானது? அதனால் துன்புறுவோர் யாவர்?
3. உங்கள் தெருவில் இன்று ஒரு நாய் மீட்கப்பட்டால், மூன்று மாதம் அதனைத் தாங்கக்கூடிய மூவர் யார்? அவர்தம் பெயர்களை எழுதி வைத்துக்கொள்க.