கரையோர நிழலும் மீன்குஞ்சின் உயிரும்



பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதலில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறோம். சூடு பதமா இருக்குன்னு தெரிந்த பிறகுதான் ஊற்றுகிறோம். பெரியவங்க தாங்கும் சூட்டைக் குழந்தை தாங்காது. மீனுக்கும் அப்படித்தான். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

நாம் பட்ட பாடம்

போன கோடையில் நம் குழு ஒன்றில் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி வந்து, மத்தியானம் 2 மணிக்குத் தொட்டியில் கொட்டினோம். பொழுது சாய்வதற்குள் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் பேசிக்கொண்டோம். விசாரித்தபோதுதான் தெரிந்தது, தப்பு நம்முடையது. பையில் இருந்த தண்ணீர் குளிர்ச்சி. வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர் சூடு. அந்தத் திடீர் மாற்றத்தைக் குஞ்சுகள் தாங்கவில்லை. கடன் வாங்கிப் போட்ட பணம் போச்சு.

சூடு என்ன செய்கிறது?

கோலி சோடாவை வெயிலில் வைத்தால் அதிலுள்ள வாயு சீக்கிரம் போய்விடும் இல்லையா? தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் அப்படித்தான். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும்.

ஆனால் சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். வரவு குறையுது, செலவு கூடுது! அப்போதுதான் பொரித்த குஞ்சு, வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவைக் கொண்டுதான் முதல் நாட்களைக் கழிக்கும். சூட்டில் அந்த இருப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தொட்டியில் செத்தால் மறுபடி வாங்கலாம். ஆற்றில் செத்தால்?

காவிரியின் பெரிய மீன்

கூன்முதுகு மஹ்சீர் என்ற மீன் காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே உள்ளது. உலகில் வேறெங்கும் கிடையாது. 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. 2018இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. இது இன்னும் பிழைத்திருக்கும் சில இடங்களில், நீலகிரியிலிருந்து பவானிசாகருக்கு இறங்கி வரும் மோயாறும் ஒன்று.

வெயில் காலத்தில் பெரிய மீன் ஆழமான மடுவுக்குப் போய்விடும். குஞ்சால் அது முடியாது. ஆழத்தில் பெரிய மீன் விழுங்கிவிடும். நடு ஆற்றில் இழுப்பு அதிகம். அதனால் கரையோர ஆழமில்லாத தண்ணீரில்தான் கிடக்கும். அந்த இடம்தான் முதலில் சூடாகிறது.

கரையில் உள்ள நீர்மருதும் புங்கனும்தான் அதற்குப் பந்தல். மரத்தை வெட்டினால் நிழல் போகும். கோடையில் மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் மடு சுருங்கி இன்னும் சூடாகும். அணையின் அடிமட்டத் தண்ணீரைத் திடீரென்று திறந்தாலும் ஆபத்துதான். அது குளிர்ந்த தண்ணீர். நம் தொட்டியில் நடந்ததே ஆற்றிலும் தலைகீழாக நடக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. குஞ்சுகளைக் காலையிலோ மாலையிலோ விடுங்கள். பையைக் கட்டோடு 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கலந்து விடுங்கள்.
2. தொட்டிக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள்.
3. விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பிராணவாயு போதவில்லை என்று அர்த்தம். தீனியை நிறுத்தி, புதுத் தண்ணீர் விடுங்கள்.
4. ஆற்றங்கரை மரத்தை வெட்ட வந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.
5. மஹ்சீர் குஞ்சு வலையில் சிக்கினால் உடனே ஆற்றிலேயே விடச் சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் ஊர் ஆற்றில் முன்பு ஆழமாக இருந்த மடுக்கள் எவை? இப்போது எத்தனை மிச்சம்? அவற்றின் கரையில் மரம் இருக்கிறதா? ஊரில் மூத்த அம்மாக்களைக் கேட்டு, பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.