வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளி ரூபாய்

முன்பெல்லாம் பழைய வெள்ளி ரூபாயைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவோம். காரைக்குடியின் பழம்பொருள் கடையோ, காசுக் கண்காட்சியின் மேசையோ, எங்கே என்றாலும் வெளிச்சம் வரும் பக்கம் திருப்பி, லென்ஸ் வைத்து, விளிம்பைச் சுழற்றிப் பார்த்த பிறகே விலைப் பேச்சு. இப்போது காசு வருவதற்கு முன் படம் வந்துவிடுகிறது. “சார், புதுசு மாதிரி இருக்கு, பாருங்க” என்று ஒரு வரி. கூடவே தலைப்பக்கம் ஒன்று, பூப்பக்கம் ஒன்று. நண்பர்கள் அதை அப்படியே எனக்கு அனுப்பி, “வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள்.

அப்படி வரும் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய முறையை இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான். ஒரு காசின் தேய்மானம் ஒரு வயதைச் சொல்லும், அதன் மேற்பரப்பு ஒரு வயதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் காசை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

படம் வந்ததும் ராஜா தலையைப் பார்க்காதீர்கள். எழுத்துகளின் நிழலைப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. எங்குமே நிழல் இல்லையென்றால் ஸ்கேனரில் வைத்து எடுத்திருக்கலாம், அல்லது வெளிச்சம் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம். ஸ்கேனர் படத்தில் எழுத்தும் உருவமும் தெளிவாக இருக்கும், பளபளப்பு செத்துப்போயிருக்கும். வெளிச்சம் மிஞ்சிய படத்தில் மெல்லிய கீறல்கள் எல்லாம் வெள்ளையில் கரைந்துவிடும். மாறாக, மிகத் தாழ்வான பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் சின்னக் கீறலும் பெரும் பள்ளமாகத் தெரியும். அதனால் ஒரே படத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

அடுத்து, காசு எதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைத் தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால், காசின்மேல் தெரியும் பொன்னிறமும் பல்பு தந்ததாகவே இருக்கலாம். உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தில் தோலின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பார்த்தாலும் இது புரிந்துவிடும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். அந்தச் சுருக்கத்தில் முதலில் காணாமல்போவது நாம் தேடுகிற மெல்லிய கீறல்கள்தான். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஃபில்டர், அழகூட்டும் வசதி எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

தேய்மானம் எங்கே தொடங்கும்

காசில் உயர்ந்த இடம் எதுவோ, அதுதான் முதலில் தேயும். ஒவ்வொரு ராஜா தலைக்கும் அந்த இடம் வேறு.

விக்டோரியா காசில் காதை ஒட்டிய கூந்தல், கன்னம், மார்பிலுள்ள ஆடை வேலைப்பாடு ஆகியவற்றைப் பாருங்கள். கூந்தல் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல நிலை. இழைகள் ஒட்டி ஒரே திட்டாகிவிட்டால் நிறையப் புழங்கிய காசு. எட்வர்டு தலையில் கிரீடம் இல்லை. அதனால் காதும், காதுக்கு மேலே உள்ள முடியும், தாடியும்தான் சாட்சி.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் கண் நேராக மேலங்கியில் இருக்கும் யானைக்குப் போக வேண்டும். 1911ஆம் ஆண்டு ரூபாயில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றி போலத் தோன்றியதால் எதிர்ப்புக் கிளம்பியது. அரசு அந்தக் காசுகளைத் திரும்பப் பெற்று, அச்சைத் திருத்தி 1912இல் புதிதாக வெளியிட்டது. சேகரிப்பவர்கள் 1911 காசை இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றே சொல்கிறார்கள். தரம் பார்க்கிறவருக்கோ அந்த யானை வேறொரு வகையில் உதவுகிறது: அதன் உருவம் துலக்கமாக இருந்தால் காசு அதிகம் கைமாறவில்லை. வெறும் மேடாகத் தெரிந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது புழங்கிய காசு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சு சரியாக விழாத காசிலும் உயர்ந்த இடங்கள் மொழுக்கையாக இருக்கும். தேய்ந்த இடத்தில் நிறம் மாறி, சாம்பல் பூத்து, வழவழப்பாக இருக்கும். அச்சு விழாத இடத்திலோ சுற்றிலும் உள்ள அதே ஒளிர்வு தொடரும். இதைப் பிரித்தறிய ஒரு படம் போதாது; காசைச் சாய்த்து எடுத்த படம் வேண்டும்.

பளபளப்பில் இரண்டு வகை

அச்சடிக்கும்போது அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மிக நுண்ணிய வரிகள்தான் புதுக் காசுக்கு ஒளிர்வைத் தருகின்றன. காசைச் சாய்த்தால் அந்த ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழன்று வரும். புழங்கப் புழங்க அந்த வரிகள் அழியும். ஒருமுறை அழிந்தால் எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் திரும்பாது.

தேய்த்து மெருகேற்றிய காசும் பளபளக்கும். ஆனால் அந்த ஒளி சுழலாது. கண்ணாடிபோல ஒரே இடத்தில் அடிக்கும், அல்லது பரப்பு முழுவதும் வெளிறிப்போய் நிற்கும். நின்ற படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். அதனால் பத்து விநாடி வீடியோ கேளுங்கள்: ஒரே விளக்கு, காசை மெல்லச் சாய்த்து, ஒரு சுற்று. பத்துப் படம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கழுவிய காசு

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் சும்மா விடுவதில்லை. திருநீறு, புளி, பூந்திக்கொட்டை, பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பொடி என்று ஏதாவது ஒன்று வெள்ளிமேல் ஏறிவிடும். குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குச் சரியில்லை. தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் குறைத்தே மதிப்பார்கள். தரச் சான்று தரும் நிறுவனங்களும் அதற்கு முழுத் தரம் கொடுப்பதில்லை. ‘விவரம் மட்டும்’ என்ற அளவில் நிறுத்திவிடும்.

படத்தில் இதைப் பிடிக்கச் சில வழிகள் உண்டு. வெற்றுத்தளம் வெளுத்து, எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தால் துணியோ பிரஷ்ஷோ பட்டிருக்கிறது. எழுத்தின் அடிவாரத்துக்கு அது எட்டவில்லை. ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தளத்தையும் உருவத்தின் மேட்டையும் சேர்த்துக் கடந்தால் அவை தேய்த்த கோடுகள். அதேமாதிரி கோடுகள் தளத்தில் மட்டும் இருந்து, எழுத்தின் ஓரம்வரை சென்று நின்றுவிட்டால், அவை அச்சையே மெருகேற்றியபோது வந்தவையாக இருக்கலாம். அது காசின் குறையல்ல.

கடைசியாகப் பொருத்தம் பாருங்கள். யானை தேய்ந்து மழுங்கியிருக்கிறது, தளமோ பனிபோல் வெள்ளை. இப்படி இருக்க வழியில்லை. பல கை மாறித் தேய்ந்த ரூபாய் கொஞ்சம் மங்கியும் கறுத்தும்தான் இருக்கும்.

கறுப்பும் வண்ணமும்

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிவதால் காசு நிறம் மாறுகிறது. படலம் மெலிதாக இருக்கும்போது இளம்பொன், பிறகு செம்மை, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்கிறார்கள். இயற்கையாக வந்தது என்றால் ஒரு வண்ணம் இன்னொன்றில் மெல்லக் கரையும்; பெரும்பாலும் விளிம்பில் அடர்ந்து நடுவில் தெளியும்; எழுத்தைச் சுற்றி நிறம் கொஞ்சம் மாறும். பெட்டியிலும் தாள் உறையிலும் நெடுநாள் இருந்த காசுகளில் இதைக் காணலாம். திட்டுத் திட்டாக நீலமும் ஊதாவும் தெறித்து, மேடு பள்ளம் எதையும் மதிக்காமல் பரவியிருந்தால் சந்தேகப்படுங்கள். சூடோ ரசாயனமோ பட்டிருக்கலாம்.

பிசுபிசுப்பான பச்சைக் கறை தெரிந்தால் அது வேறு விஷயம். மலிவான பிவிசி உறையில் வைத்ததால் வருவது. அது காசை அரிக்கும், விலையைக் கூட்டாது.

விளிம்பும் எடையும்

அனுப்பப்படும் படங்களில் எப்போதும் இல்லாமல்போவது விளிம்பு. நம் ஊரில் வெள்ளி ரூபாயைக் காசாக மட்டும் வைத்திருக்கவில்லை. வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டார்கள், மாலையாகக் கோத்தார்கள். வளையத்தை எடுத்துவிட்டு ராவினாலும் அந்த இடம் தட்டையாக, வரிகள் அழிந்து, வேறு நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் அது தலைக்கு நேர் மேலே இருக்கும். விளிம்பைச் சுழற்றி நான்கு படம் கேளுங்கள். தர மறுக்கிறார் என்றால் அதுவே ஒரு பதில்.

தராசுமேல் வைத்த படமும் வேண்டும். 1835க்குப் பிறகு ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். இரண்டு சதவீதத்துக்கு மேல் தேய்ந்த ரூபாய் சட்டப்படி செல்லாது என்பது அன்றைய விதி. அதாவது ஏறக்குறைய 11.43 கிராம். நல்ல தரம் என்று சொல்லப்படும் காசு அதற்குக் கீழே போனால் ஏதோ இடிக்கிறது. ஆனால் எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், எடையோ அதேதான். 1947இல் அதுவும் போய் நிக்கல் ரூபாய் வந்தது.

1939 என்று தேதியிட்ட வெள்ளி ரூபாய் மிக அரிது. அதனாலேயே போலியும் அதிகம். கடைசி எண்ணைத் திருத்திய காசுகளும் உலவுகின்றன. எவ்வளவு தெளிவான படம் வந்தாலும் 1939ஐப் படத்தை நம்பி வாங்கக் கூடாது. தெரிந்தவர் கையில் காசைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பணம்.

விலை சொல்லும்போது

விஎஃப், எக்ஸ்எஃப், ஏயு, யுஎன்சி என்று தரங்களை வரிசைப்படுத்துகிறோம். விஎஃப் ஓரளவு தேய்ந்தது, யுஎன்சி புழக்கத்துக்கே வராதது. படத்தைப் பார்த்து ஒற்றைத் தரம் சொல்ல நான் முயல்வதில்லை. “விஎஃப்பிலிருந்து எக்ஸ்எஃப்வரை” என்று இரண்டு எல்லை சொல்வேன். மேல் எல்லை படம் காட்டியதை வைத்து. கீழ் எல்லை படம் காட்டாததை வைத்து. விலை கீழ் எல்லைக்குத்தான்.

கேட்க வேண்டியவை ஐந்து: உறையிலிருந்து எடுத்த காசு, வெள்ளைத் தாள்மேல் இரு பக்கமும், வெளிச்சத்தை இடமும் வலமும் மாற்றி இரண்டு தடவை, விளிம்பு, தராசு. சாய்த்தெடுத்த வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. எடுப்பவரிடம் கேமராவை ஒட்டிவைக்காமல் கொஞ்சம் உயர்த்தி, ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டி எடுத்தால் கைபேசியின் நிழல் காசின்மேல் விழும். ஃப்ளாஷ் வேண்டாம், பகலில் ஜன்னலோரம் போதும்.

இவ்வளவையும் சலிக்காமல் அனுப்புகிற விற்பனையாளரிடம், காசு கைக்கு வந்து பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக்கொள்வாரா என்றும் கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “சரி” என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். தயங்கினால் விட்டுவிடுங்கள், 1939போல ஒரு சில ஆண்டுகளைத் தவிர, இந்த ரூபாய்கள் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. அடுத்த வாரம் இன்னொரு படம் வரும்.