நிலவும் அட்டவணையில் கட்டுப்பாட்டை மாற்றுதல்

அட்டவணையில் பிழையான செய்தி புகாவண்ணம் விதிக்கப்படும் நிபந்தனையே கட்டுப்பாடு எனப்படும். 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இ. எஃப். காட் வெளியிட்ட தொடர்புமுறைக் கொள்கையைத் தழுவிய தரவுத்தளங்களில், இந்நிபந்தனையை அட்டவணையே காத்து நிற்கும். ஆயின், நாட்டு நிலை மாறும்பொழுது நிபந்தனையும் மாறுதல் வேண்டும். அதற்குரிய முறையை இப்பாடத்தில் காண்போம்.

1974 முதல் அந்தமான், நிக்கோபார் என இத்தீவுகளில் இரு மாவட்டங்கள் இருந்தன. 2006 ஆகஸ்ட் 18ஆம் நாள் அந்தமான் மாவட்டம், தெற்கு அந்தமான் எனவும் வடக்கு மற்றும் நடு அந்தமான் எனவும் பிரிக்கப்பட்டது. மாவட்டங்கள் மூன்றாயின.

2000ஆம் ஆண்டில் பள்ளிச் சேர்க்கைக்கென ஓர் அட்டவணை அமைக்கப்பட்டதாகக் கொள்வோம். மாவட்டப் பத்தியில் 'அந்தமான்' அல்லது 'நிக்கோபார்' என்பதையே எழுதலாம் என்பது அதன் கட்டுப்பாடு. பிரிவினைக்குப்பின் டிக்லிப்பூர் ஆசிரியர் புதிய மாவட்டத்தின் பெயரைச் சரியாக எழுதினும் அட்டவணை ஏற்காது. பழைய பெயரை எழுதி ஒப்பேற்றினாலோ, அம்மாணவன் தன் மாவட்டக் கணக்கில் சேரான். அவனுக்குரிய பாடப்புத்தகம் ஒன்று குறையும்.

மாற்றும் முறை வருமாறு:

முதலாவது, கட்டுப்பாட்டின் பெயரை அறிக. நாம் பெயரிடாவிடில் தளமே ஒரு பெயர் இட்டிருக்கும்.

இரண்டாவது, புதிய நிபந்தனைக்கு ஒவ்வாத வரிசைகளை வினவிக் காண்க. பொதுவாக, ஒரு வரிசை ஒவ்வாதிருப்பினும் புதிய கட்டுப்பாடு சேராது.

மூன்றாவது, 'ஆல்டர் டேபிள்' ஆணையால் பழைய கட்டுப்பாட்டை நீக்குக; வரிசைகளைத் திருத்துக; பின்னர் அதே ஆணையால் புதியதைச் சேர்க்க. இவ்வரிசை மாறலாகாது. புதியதை முதலில் சேர்க்க முயன்றால் திருந்தாத வரிசைகள் தடுக்கும். அவற்றைத் திருத்த முயன்றால் பழைய கட்டுப்பாடு தடுக்கும்.

இடைப்பட்ட நேரத்தில் அட்டவணைக்குக் காவலில்லை. போஸ்ட்கிரஸ் தளத்தில் மூன்றையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்யலாம். ஒன்று தவறின் அனைத்தும் முன்னிலைக்கு மீளும். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல் தளங்களில் அமைப்பை மாற்றும் ஒவ்வோர் ஆணையும் உடனே உறுதியாகிவிடும். ஆதலின் அங்குப் பதிவுப்பணி நடவாத வேளையைத் தேர்க.

திருத்துங்கால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. எவ்வூர் எம்மாவட்டத்தது என்பதை அரசு ஆணையைக் கண்டே எழுதுக, ஊகித்தல் கூடாது. மேலும், 2003இல் சேர்ந்த மாணவனுக்கு 'அந்தமான்' என்பதே உண்மை. அதனை மாற்றினால் வரலாறு பொய்க்கும். ஆகவே, சேர்க்கை நாள் 2006 ஆகஸ்ட் 18க்கு முற்பட்டதாயின் பழைய இரு பெயர்களையும், அந்நாளோ பிற்பட்டதோ ஆயின் மூன்று பெயர்களையும் ஏற்குமாறு புதிய நிபந்தனையை அமைக்க.

பயிற்சி: 2018இல் ஹேவ்லாக் தீவு சுவராஜ் துவீப் எனவும், 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனவும் பெயர் மாற்றம் பெற்றன. பெயர்களைத் தனி அட்டவணையில் குறியெண்ணுடன் வைத்து, ஏனைய அட்டவணைகளில் அவ்வெண்ணை மட்டும் எழுதினால், இம்மாற்றங்களுக்கு எத்தனை வரிசைகளைத் திருத்த வேண்டும்? ஆய்ந்து விடை காண்க.