மானியை மட்டும் நம்பலாமா?

கேள்வி: அணுக்கருச் சிதறல் பரிசோதனைகளில் வாயுவை இலக்காக வைத்து அடிக்கிறார்களாம். அந்த வாயுவின் அமுக்கம் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?
– உயர்தர மாணவி, கொஸ்லந்த

பதில்: அந்த அமுக்கம் எவ்வளவு சிறியது என்று முதலில் பாருங்கள். கனடாவின் வன்கூவரிலுள்ள ட்ரையம்ஃப் ஆய்வுகூடத்தின் ‘ட்ராகன்’ கருவியில் ஐதரசனோ ஈலியமோ சில மில்லிபாரில்தான் நிற்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரம். அதன் உச்சிக்கும் அடிக்கும் இடையிலான வளியமுக்க வித்தியாசமே ஏறத்தாழ 25 மில்லிபார்! ஆகவே வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டும் மானி (டயர் கடையில் இருப்பது அந்த இனம்தான்) இங்கே உதவாது. வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொண்டு, மெல்லிய தகடு வளையும் அளவை மின்கொள்ளளவ மாற்றத்தால் அறியும் மானி வேண்டும்.

உண்மையில் தேவைப்படுவது அமுக்கமல்ல, இலக்கில் பாயும் துணிக்கைக் கற்றையின் வழியில் எத்தனை அணுக்கருக்கள் இருக்கின்றன என்பது. 27 பாகை செல்சியஸில் 1 மில்லிபார் என்றால் கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 2.4 × 10¹⁶ மூலக்கூறுகள். வெப்பநிலை 3 பாகை பிசகினால் கணக்கு ஒரு வீதம் பிசகும். போதாக்குறைக்கு, கற்றை தான் போகும் பாதையிலேயே வாயுவைச் சூடாக்கி ஐதாக்கிவிடும். ஓரத்திலிருக்கும் மானிக்கு இது தெரியவே தெரியாது.

எனக்குப் பிடித்த வழி, சிதறலையே சாட்சிக்கு அழைப்பது. ட்ராகனில் 30, 57 பாகைக் கோணங்களிலுள்ள சிலிக்கன் உணரிகள் இலக்கிலிருந்து தெறிக்கும் துணிக்கைகளை எண்ணுகின்றன. ரதபோட் சூத்திரம் பொருந்தும் சக்திகளில், எத்தனை வரவேண்டும் என்பதை முன்பே கணிக்கலாம். எண்ணிக்கையை அமுக்கத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். கற்றையின் மின்னோட்டத்தைக் கூட்டும்போது எண்ணிக்கை அதே விகிதத்தில் கூடாவிட்டால், பெரும்பாலும் சூடுதான் காரணம்.