ஜெபமும் உண்டு, மருந்தும் உண்டு



இந்த இதழில் மனநல ஆலோசனை பற்றிப் படிக்கப் போகிறோம். அதிலும், கடவுள் நம்பிக்கையையும் மருத்துவப் படிப்பையும் சேர்த்து வைத்து ஆலோசனை தருகிறவர்களைப் பற்றி. இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உள்கடன் நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதி வாங்குகிற பணம் எல்லாம் ஆஸ்பத்திரிக்கா போகிறது? மந்திரிக்க ஒரு தடவை, தாயத்துக்கு ஒரு தடவை, உபவாச ஜெபத்துக்கு ஒரு தடவை, தர்காவில் தங்க ஒரு தடவை என்று போய்விட்டு, கடைசியில்தான் டாக்டரிடம் வருகிறோம். அதற்குள் வியாதி முற்றிவிடுகிறது, தவணையும் நின்றுவிடுகிறது.

கோயிலுக்குப் போகாதே, சர்ச்சுக்குப் போகாதே என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்த இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

கதை நம்ம திண்டிவனத்தில் தொடங்குகிறது. 1890-ல் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்தார். அப்பா மிஷனரி டாக்டர். ஒரு ராத்திரி மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். "எங்கப்பா வருவார்" என்றார் ஐடா. ஆம்பிளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதுவரை இந்த ஊரில் இருக்கவே விருப்பமில்லாமல் இருந்த ஐடா, டாக்டர் படிப்பு படித்துத் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவமனை தொடங்கினார். அதுதான் இன்றைக்கு எல்லோரும் சொல்லும் சி.எம்.சி.

அதே சி.எம்.சி. 1957-ல் வேலூர் பாகாயத்தில் மனநல மையம் திறந்தது. அதற்கு வழிபோட்டவர் டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ், கனடா நாட்டு மனநல மருத்துவர், மிஷனரியும்கூட. அந்தக் காலத்தில் மனநோய் வந்தவரை மதில் சுவருக்குள் விட்டுவிட்டு வீட்டார் திரும்பிவிடுவார்கள். பாகாயத்தில் அப்படி இல்லை. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்க வேண்டும், சமைத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த மாத்திரை எப்போது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, வியாதி திரும்பி வந்தால் முதலில் என்ன தெரியும் என்பதை எல்லாம் அந்த வீட்டு ஆளும் கற்றுக்கொள்வார். நம்மைக் கேட்டால் அங்கே நடந்த பெரிய காரியம் இதுதான். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார், அம்மாவோ மாமியாரோதானே தினமும் பார்க்கிறார்?

வேலூரிலேயே 1970-களில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் என்று ஒன்று வளர்ந்தது. டாக்டர் பி.ஜே.பிரசாந்தம் என்ற உளவியல் அறிஞர் நெடுங்காலம் அதன் இயக்குநராக இருந்தார். பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள், ஆசிரியர்கள் என்று பலர் அங்கே ஆலோசனை தரும் முறையைப் படித்துப் போனார்கள். ஜெபிக்கத் தெரிந்தவருக்கும் ஆலோசனை சொல்லத் தனியாகப் படிப்பு வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

அப்படிப் படித்த ஒருவர் என்ன செய்வார்? முதலில் கேட்பார், முக்கால் மணி நேரம்கூடக் கேட்பார். தூக்கம் வருதா, பசிக்குதா, செத்துடலாம்னு தோணுதா என்று நேராகவே விசாரிப்பார். (இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகாது. கேட்டால்தான் மனசுவிட்டுச் சொல்வார்கள்.) வியாதி பெரிதாகத் தெரிந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். சொன்னது வெளியே போகாது. வந்தவர் விரும்பினால் கடைசியில் ஜெபிப்பார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். வந்தவர் இந்துவோ முஸ்லிமோ, மதம் மாற்றுகிற பேச்சு அங்கே வரக் கூடாது.

பைபிளில் எலியா தீர்க்கதரிசியின் கதை இதற்குப் பொருத்தமானது. ஊரை விட்டு ஓடிவந்து ஒரு சூரைச்செடி அடியில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து புத்தி சொல்லவில்லை, உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று திட்டவும் இல்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து மலைக்குப் போனபின்தான் கடவுள் பேசுகிறார். அதுவும் முதலில் ஒரு கேள்விதான். எலியா தன் குறையைக் கொட்டுகிறார்.

நம் பெண்களுக்கு வருகிற ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்று இரண்டு வாரத்துக்குள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, தூக்கமே இல்லாமல் போய், காதில் யாரோ பேசுவதுபோல் கேட்டு, பெற்ற பிள்ளை மேலேயே சந்தேகம் வரும். "பச்சை உடம்பு, காத்து கருப்பு அண்டிடுச்சு" என்பார்கள். இது வியாதி, அதுவும் அவசர வியாதி. தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உடனே பார்த்தால் நன்றாகக் குணமாகும். திருநீறு பூசுங்கள், ஜெபம் பண்ணுங்கள், ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போதே பண்ணுங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நாலு நாளில் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறோம். நன்றாக ஆனதும், "சாமி காப்பாத்திடுச்சு, இனி எதுக்கு மாத்திரை" என்றும் விட்டுவிடுகிறோம். இரண்டும் ஆபத்து. இன்னொன்று, அடி வாங்கி வந்த பெண்ணிடம் "மன்னிச்சிரு, பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர் ஆலோசகரே இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற எண் இருக்கிறது. அதைச் சொல்லாத ஆலோசனை அரைகுறைதான்.

நம்பிக்கை மட்டும் போதும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் உயிர் போயிற்று. பின்னாளில் அந்த தர்கா பக்கத்திலேயே துவாவோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது.

சரி, படிக்காத நாம் என்ன செய்ய முடியும்? லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1935-ல் அவர் முதன்முதலாக அடக்கம் செய்தது 14 வயதுப் பெண்ணை. மாதவிடாய் வந்ததைக் கெட்ட வியாதி என்று நினைத்துப் பயந்து, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டவள். அதை மறக்காமல் 1953-ல், சாக நினைப்பவர்கள் வந்து பேச ஓர் இடம் தொடங்கினார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ கொடுக்கச் சாதாரண ஆட்களை வைத்தார். பார்த்தால், அவர்களோடு பேசிவிட்டே பலர் மனசு லேசாகித் திரும்பினார்கள். பாதிரியார் ஆரம்பித்த இடம்தான், ஆனால் அங்கே பிரசங்கத்துக்குத் தடை. அதே வழியில் 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியதுதான் 'சினேகா'.

டீ கொடுத்துக் காது கொடுப்பது நம் குழுவிலும் முடியும். கூட்டத்துக்கு வராமல் நின்றவரை அபராதம் கேட்கப் போகும்போதே, "ஏன் அக்கா, ராத்திரி தூங்குறியா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அவர் சொல்வதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், பம்பு செட்டில் பேசவும் வேண்டாம்.

வல்லம் வட்டாரத்து உறுப்பினர்கள் கவனத்துக்கு: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போனில் பேச, 2022-ல் தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. இலவசம், ராத்திரியிலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மாநில உதவி எண் 104. இந்த எண்களைப் பிரதிநிதிகள் வரவு செலவு நோட்டின் முன் அட்டையில் பெரிதாக எழுதி வைக்கவும். அடுத்த கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, நம் ஊரில் மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராவது உண்டா, அவரிடம் யார் போய்ப் பேசுவது என்று முடிவு செய்யவும்.