குழந்தைக்கு ஏற்ற விளையாட்டுப் பொம்மை எது?



ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வருகிறீர்கள். காவடி செலுத்தி, 365 படிகள் ஏறி, முருகனைக் கண்குளிரத் தரிசித்துவிட்டு இறங்குகிறீர்கள். கீழே வந்தால் வழியெல்லாம் பொம்மைக் கடைகள். இடுப்பில் இருக்கும் குழந்தை கையை நீட்டி அழுகிறது. "அழாதே கண்ணு, வாங்கித் தரேன்" என்று சொல்லி, எது முன்னால் தொங்குகிறதோ அதை வாங்கிக் கொடுத்து விடுகிறீர்கள். வீட்டுக்கு ஒரு புடவை எடுப்பதென்றால் பத்துப் புடவையைப் பிரித்துப் பார்க்கிற நாம், குழந்தையின் வாய்க்குள் போகப் போகும் பொருளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி, இரண்டரை வயதுப் பேரனை முகாமுக்குத் தூக்கி வந்தார். "மூணு வாரமா இருமிக்கினே இருக்கான்மா. மருந்து குடுத்தும் நிக்கல" என்றார். பையனுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் மூச்சு விடும்போது மெல்லிய 'கீச்' சத்தம் கேட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டோம். திருவிழாவுக்குப் போய் வந்த மறுநாளிலிருந்து என்றார். அமுக்கினால் சத்தம் போடும் ரப்பர் பொம்மை ஒன்று வாங்கினார்களாம். அதன் அடியில் செருகியிருந்த சிறிய ஊதலைப் பையன் கடித்து எடுத்திருக்கிறான். அது மூச்சுக் குழலில் போய் உட்கார்ந்து கொண்டது. சென்னைக்கு அனுப்பி, குழாய் விட்டு எடுத்த பிறகுதான் இருமல் நின்றது. "பொம்மையத்தான் பாத்தோம், அதுக்குள்ள இருந்தத பாக்கலியே!" என்று அந்தப் பாட்டி தலையில் கை வைத்துக் கொண்டார்.

அந்தப் பையன் பிழைத்துக் கொண்டான். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி நேரம் கிடைப்பதில்லை. ஆகவே பொம்மை வாங்குவது எப்படி என்று இந்த ஏட்டில் பார்ப்போம்.

பழைய பொம்மைகளில் என்ன நன்மை?

"எங்க காலத்துல மரப்பாச்சி, சொப்பு, நடைவண்டி. இப்ப எல்லாம் பிளாஸ்டிக்" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஏன் என்று தெரிந்து கொண்டால்தான் கடையில் சரியானதைப் பொறுக்க முடியும்.

மரப்பாச்சியை எடுத்துக் கொள்வோம். ஒரே கட்டையில் செதுக்கியது. பிடுங்கி எடுக்கக் கண்ணோ பொத்தானோ கிடையாது. சேஷாசல மலைகளில் விளையும் செம்மரத்தில் செய்த மரப்பாச்சிக்குத் திருப்பதி பெயர் பெற்றது. அதற்குச் சாயம் வேண்டியதில்லை. மரத்தின் நிறமே சிவப்பு. அது தானாகப் பேசுவதில்லை, பாடுவதில்லை. குழந்தைதான் அதற்குத் துணி சுற்றி, சோறு ஊட்டி, தூங்கவைத்து, அதனோடு பேசுகிறது. பேச்சு வளர்வது அப்படித்தான்.

அடுத்து, மரச்சொப்பு. நம் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதை 'லக்கபிடதலு' என்பார்கள். கர்நாடகத்தில் சென்னப்பட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாக்கா ஆகிய ஊர்களில் இவ்வகை அரக்குப் பொம்மைகளைக் கடைகிறார்கள். வெட்பாலை இனத்து மென்மையான மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பிடித்துக் கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஏட்டிகொப்பாக்காவில் மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவ்வூர்ப் பொம்மைகளுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நடைவண்டியின் சிறப்பு வேறு வகையானது. குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தன் காலில் தாங்கி, வண்டியைத் தள்ளுகிறது. இன்றைய கடைகளில் 'வாக்கர்' என்று ஒன்று விற்கிறார்கள். அதில் குழந்தையை நடுவில் உட்கார்த்தி வைத்து விடுகிறோம். குழந்தை கால் விரல் நுனியால் உந்தி உந்தி ஓடுகிறது, நடக்கக் கற்பதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் வாசற்படிக்கோ, கொதிக்கும் கஞ்சிப் பானைக்கோ போய்விடும். கனடா நாட்டில் 2004-ல் இந்த வாக்கரை விற்பதையே தடை செய்து விட்டார்கள். 'புது மாதிரி' என்பதற்காக அதை வாங்க வேண்டாம். நடைவண்டியும் சாயக்கூடியதுதான், சமமான தரையில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

பழையது என்றாலே நல்லதா?

இங்கேதான் கவனம் தேவை. பழைய பெயர் இருந்தால் போதும், பயமில்லை என்று நினைத்து விடாதீர்கள்.

பார்க்கிற பொம்மை வேறு, விளையாடுகிற பொம்மை வேறு. கொலுப் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, கொண்டபல்லிப் பொம்மை எல்லாம் அழகானவை; கலைஞரின் கைத்திறனுக்குச் சான்றானவை. ஆனால் அவை கண்ணுக்கு விருந்தாகச் செய்தவை, கடிப்பதற்காக அல்ல. பூசிய வர்ணம் உதிரலாம். அலமாரியில் வையுங்கள்.

வர்ணத்தில் ஈயம் இருந்தால் ஆபத்து. பெரியவர் உடல் ஏற்பதைவிட 4 முதல் 5 மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக் கொள்கிறது. இந்த அளவு வரை கெடுதியில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஈயம் சேர்ந்த குழந்தைக்கு உடனே வாந்தியோ பேதியோ வராது. மெல்ல இரத்தம் குறையும்; மூளை வளர்ச்சி பின்தங்கும்; பள்ளியில் பாடம் ஏறாது. "மந்தமா இருக்கான்" என்று பிள்ளையைத்தான் திட்டுவோம். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வர்ணம் பூசிய பொம்மையோ தொட்டிலோ வீட்டில் இருந்து, வர்ணம் உரிந்து வருமானால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். கீரை, கேழ்வரகு, முட்டை கொடுங்கள். சுகாதார ஊழியர் தரும் இரும்புச் சத்து மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

குன்றிமணி மிகவும் ஆபத்து. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அதே சிவப்பு-கறுப்பு விதைதான். மென்று விழுங்கினால் கடும் விஷம். சதுர்த்தி முடிந்ததும் கண்களை எண்ணி எடுத்து அப்புறப்படுத்துங்கள். பல்லாங்குழிக்கு வைக்கும் புளியங்கொட்டை, சோழி ஆகியவை பெரிய பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு வாத்தியார். தவழும் தம்பிக்கு அவையே தொண்டை அடைக்கும் பொருள். ஆடி முடித்ததும் எண்ணிப் பையில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மரப்பாச்சியைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டாம். அது விளையாட மட்டும். மருந்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

தமிழ்நாடு அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும், திருப்பதி போகிறவர்கள் அங்குள்ள லேபாக்ஷி நிலையத்திலும் மரப் பொம்மைகளை விசாரிக்கலாம். நவீனப் பெரிய கடைகளிலும் இப்போது மரப் பொம்மைகள் வருகின்றன. எங்கே வாங்கினாலும் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை.

1. கண்ணால் பாருங்கள். ஒரே கட்டையா, ஒட்டுப் போட்டதா? பெட்டியில் 'மரம்' என்று போட்டிருப்பது எல்லாம் கடைந்த மரமல்ல. மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை எச்சிலில் ஊறினால் உப்பும், உதிரும்.

2. கையால் இழுத்துப் பாருங்கள். கண், சக்கரம், மணி, பொத்தான் ஏதாவது ஆடுகிறதா? ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், சிராய் குத்துகிறதா?

3. அளவு பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம், அதாவது ஒன்றேகால் அங்குல வட்டம், அதற்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். உருண்டையானால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். இழுவைக் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். கழுத்தில் சுற்றிக் கொள்ளும்.

4. துணியால் துடையுங்கள். வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஒட்டாவிட்டால் ஈயமே இல்லை என்று அர்த்தமல்ல; ஒட்டுவது நிச்சயம் ஆகாது என்று மட்டும் அர்த்தம். வர்ணமே இல்லாத பொம்மை, வாயில் வைக்கும் வயதுக்கு உத்தமம்.

5. மின்கலம் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் போன்ற சிறிய பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். சிறு காந்த உருண்டைகளை எந்தக் குழந்தைக்கும் வாங்காதீர்கள். இரண்டை விழுங்கினால் வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும்.

6. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இம்முத்திரை கட்டாயமாகிவிட்டது. பதிவு பெற்ற கைவினைஞர் செய்த பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே கைவினைப் பொம்மையில் முத்திரை இல்லையென்றால் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஊரில், எந்த மரத்தில், என்ன வர்ணத்தில் செய்தது என்று கேளுங்கள். செய்தவரை அறிந்த கடைக்காரர் பதில் சொல்வார்.

எந்த வயதுக்கு எது?

ஒரு வயது வரை: பெரிய கிலுகிலுப்பை, துணிப் பந்து, கழுவி வைத்த சிறு எவர்சில்வர் டம்ளர்.

ஒன்று முதல் மூன்று வரை: மரப்பாச்சி, நடைவண்டி, அளவில் பெரிய சொப்பு, இழுவை வண்டி.

மூன்று முதல் ஆறு வரை: சிறு சொப்பு, களிமண், ஓலைக் காற்றாடி, துணிப் பொம்மை.

ஆறுக்கு மேல்: பல்லாங்குழி, தாயம், பம்பரம்.

பலூன் ஊதுவது பெரியவர் வேலை. வெடித்த துண்டை உடனே பொறுக்கி எறியுங்கள். கைப்பேசியைப் பொம்மையாக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே காட்டக் கூடாது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

"இதெல்லாம் வாங்கக் காசுக்கு எங்கே போவது?" என்று கேட்கிறீர்களா? நுங்குக் காலத்தில் இரண்டு நுங்குக் கூடும் ஒரு குச்சியும் இருந்தால் வண்டி தயார். பனை ஓலையில் காற்றாடி, பழைய வேட்டித் துணியில் பொம்மை. துணிப் பொம்மைக்குக் கண்ணாகப் பொத்தான் தைக்காதீர்கள்; நூலால் தைத்துவிடுங்கள். அப்பா ஒரு ஓலைக் காற்றாடி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்கு, அந்த அரைமணி நேரமே விளையாட்டுதான்.

தொண்டையில் சிக்கினால்

குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போகும். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் உடனே செய்ய வேண்டியது:

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை: முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள்.

ஒரு வயதுக்கு மேல்: முன்புறம் குனியவைத்து முதுகில் 5 முறை தட்டுங்கள். பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள்.

பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து, 108-ல் சொல்கிறபடி செய்யுங்கள். பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கினால், குழந்தை சிரித்துக் கொண்டிருந்தாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். காய்ச்சலில்லாத இருமல் திடீரென்று தொடங்கி நீடித்தால், "ஏதாவது விழுங்கியிருக்கலாம்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

இன்று மாலை வீட்டில் உள்ள பொம்மைகளை எல்லாம் ஒரு பாயில் கொட்டுங்கள். மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆகாததை ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சுவது இரண்டே ஆனாலும் போதும். அந்தப் பாயிலேயே குழந்தையோடு சற்று நேரம் உட்கார்ந்து விளையாடுங்கள். அடுத்த கிருத்திகைக்கு மலை இறங்கும்போது, கை நீட்டும் குழந்தைக்கு வாங்கித் தருவதற்கு முன் பொம்மையைத் திருப்பி அடியையும் பாருங்கள்.