திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து?

அன்புள்ள தம்பிக்கு, உன்னைப் போலவே தாராவியிலும் செம்பூரிலும் நிரல் எழுதக் கற்றுவரும் எல்லோருக்கும்,

ஊர்ச் சங்கத்துக்காக நீ பிஎச்பியில் எழுதிய உறுப்பினர் பதிவுப் பக்கத்தைப் படித்தேன். மிகுந்த சந்தோஷம். ஒரு வரிதான் மனதை அதிகம் உறுத்துகிறது. ‘சொந்த ஊர்’ கட்டத்தில் நீளம் 30-ஐத் தாண்டினால் மறுக்கும்படி ஸ்ட்ர்லென் வைத்து ஓர் இஃப் போட்டிருக்கிறாய்.

தாராவித் தமிழர் பலருக்குப் பூர்வீகம் நெல்லைச் சீமை. திருநெல்வேலி என்று தமிழில் தட்டிப் பார். ‘மிக நீளம்’ என்று உன் நிரல் திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்கு 6 எழுத்துதான். ஆனால் ஸ்ட்ர்லென் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. ‘தி’ என்பது தகரமும் இகரக் குறியுமாக 2 யூனிகோடு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக மொத்தம் 12 குறியீடு, 36 பைட். அதே ஊரை ஆங்கிலத்தில் தட்டினால் 11 பைட். தடையில்லாமல் உள்ளே போய்விடும். மராத்திக்கும் இந்திக்கும் இதே கதிதான். தாய்மொழியில் பெயர் எழுதுகிறவரை வாசலிலேயே நிறுத்தும் நிரலை நம் கையால் எழுதக் கூடாது.

எதற்காக அளக்கிறாய் என்பதை முதலில் முடிவு செய். மைஎஸ்கியூஎல் அட்டவணையில் வார்கேர் 30 என்றால் அது 30 குறியீடு. அங்கே எம்பி_ஸ்ட்ர்லென்தான் சரி, 12 என்று சொல்லும். ‘இன்னும் இத்தனை எழுத்து எழுதலாம்’ என்று திரையில் காட்டுவதற்குக் கிராஃபீம்_ஸ்ட்ர்லென். 6 என்று சொல்லும். அதற்குச் சர்வரில் இன்டில் நீட்சி இருக்க வேண்டும். ஆனால் கிராஃபீம்_ஸ்ட்ர்லென்னும் ஸ்ரீவைகுண்டத்தின் ‘ஸ்ரீ’யை இரண்டாகத்தான் எண்ணும். ஸ்ட்ர்லென்னுக்கும் உரிய இடம் உண்டு. கடவுச்சொல்லுக்கான பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தமிழில் 24 குறியீட்டோடு அது தீர்ந்துவிடும். அங்கே பைட்டைத்தான் எண்ண வேண்டும்.

அடைப்புக்குறியிலும் கவனம் வை. ‘> 30’ என்பதை ஸ்ட்ர்லென்னின் அடைப்புக்குறிக்கு வெளியே எழுத வேண்டும். உள்ளே எழுதிவிட்டால், பிஎச்பி 7-இல் எந்த ஊர்ப் பெயரும் எவ்வளவு நீளமானாலும் தேறிவிடும். பிஎச்பி 8-இல் எல்லா ஊரும் மறுக்கப்படும். சரத்தையும் எண்ணையும் ஒப்பிடும் விதி அந்தப் பதிப்பில் மாறியதே காரணம். ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் போட்டுவைத்தால் பிழை உடனே வெளிப்படும்.

இன்னொரு வரியும் இருக்கிறது. ‘எத்தனை குழந்தைகள்’ என்ற கட்டம் காலியா என்று பார்க்க எம்ப்டி வைத்திருக்கிறாய். 0 என்று பதில் எழுதினாலும் அது காலி என்றே சொல்லும். ட்ரிம் செய்து, வெற்றுச் சரத்தோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடு.

இந்த இரண்டு வரிகளையும் இன்றே மாற்றிவிடு. திருநெல்வேலியையும் ஸ்ரீவைகுண்டத்தையும் தமிழில் தட்டிச் சோதித்த பிறகே பக்கத்தைச் சங்கத்தாரிடம் கொடு.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து உன் அண்ணன்